ஹோம் தியேட்டர்: முதலில் அறை, அடுத்து ஸ்பீக்கர், கடைசியில் ரிசீவர்

ஹோம் தியேட்டர் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ரிசீவர் எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்றுதான். டிவி, பிளேயர் போன்றவற்றின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் அறையின் அளவு, உட்காரும் தூரம், ஸ்பீக்கரின் தன்மை ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் இங்கே ரிசீவரைப் பற்றிய பேச்சு பின்னால் வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டுகள் கடந்தும் உழைக்கும். ரிசீவரோ புதிய எச்.டி.எம்.ஐ. தரமும் புதிய ஒலி வடிவமும் வர வரப் பழசாகிக்கொண்டே போகும். நெடுநாள் வீட்டில் இருக்கப்போகும் பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, மாற்றப்போகும் பொருளை அதற்கேற்பத் தேடுவதே முறை.

இத்தனை பாடும் எதற்காக? வசனம் புரிவதற்காக. மெல்லிய குரலில் பேசும் காட்சியில் ஒலியைக் கூட்டி, அடுத்த காட்சியில் வெடிச்சத்தம் எழுந்ததும் பதறிக் குறைத்து, ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாமல் படம் பார்க்கும் வீடுகள் ஏராளம். பணம் போட்ட பிறகும் அந்த நிலை தொடர்ந்தால், எத்தனை ஸ்பீக்கர் இருந்தும் பயனில்லை. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலை வைத்தே சொல்கிறேன்.

1. அறையை அளந்து தாளில் வரையுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, கதவும் ஜன்னலும் எங்கே, டிவி எந்தச் சுவரில், சோபா எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிவியிலிருந்து உங்கள் காது இருக்கும் இடம் வரை எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். ஒருபக்கம் சுவரே இல்லாமல் சமையலறையோடோ கூடத்தோடோ திறந்து கிடக்கும் அறை என்றால் அதையும் குறியுங்கள். தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபரைப் பொறுத்தவரை அந்தத் திறந்த பகுதியும் அறைக் கணக்கில்தான் சேரும்.

அடுத்து, சோபா பின்சுவரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் தாழ்ந்த அதிர்வெண் ஒலி பெருத்துவிடும். பின்னால் இருக்க வேண்டிய ஒலிக்கும் இடம் இருக்காது. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே இழுக்க முடிந்தால், அந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசத்தைக் காட்டும். அதற்காக அறையின் நட்டநடுவில் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு முனைச் சுவர்களிலும் பெருத்து, நடுவில் வந்து அடங்கிவிடும். அங்கே உட்கார்ந்தால் சப்வூஃபர் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். டிவி இருக்கும் சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காருவது பெரும்பாலும் சரியாக அமையும்.

உட்காரும் இடத்தில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். கைதட்டலுக்குப் பிறகு தகரத்தைச் சுண்டியதுபோல் ஒரு அதிர்வு நீண்டால், வெறும் சுவர்களுக்கிடையே ஒலி மோதி மோதித் திரும்புகிறது என்று பொருள். வசனம் கலங்கிக் கேட்பதற்கு இது முக்கியமான காரணம். கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி என்று எது முடியுமோ அதைச் சேருங்கள். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2. எத்தனை ஸ்பீக்கர் என்று முடிவு செய்யுங்கள்

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். முன்னால் இடது, நடு, வலது. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு சரவுண்ட். 7.1-இல் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சேரும். 5.1.2 என்று மூன்றாவது எண் வந்தால் அது தலைக்கு மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் டால்பி அட்மாஸ் என்ற ஒலி வடிவம் 2012-இல் திரையரங்குகளுக்கும் 2014-இல் வீடுகளுக்கும் வந்த பிறகுதான் இந்த மூன்றாவது எண் புழக்கத்துக்கு வந்தது.

இடங்களைத் தாளில் குறிக்கும்போது உங்கள் தலையை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். நடு ஸ்பீக்கர் நேர் எதிரே. இடதும் வலதும் அதிலிருந்து 30 பாகை விலகி. சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது காதுக்கு நேர்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னே. பாகைமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முன்னிரு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமைந்தால் அந்த 30 பாகை தானாகவே வந்துவிடும்.

சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தவே முடியாத வீட்டில் 7.1 தேவையில்லை. பின்ஸ்பீக்கர்கள் பின்மண்டையை ஒட்டி ஒலித்து எரிச்சலூட்டும். அந்தப் பணத்தை 5.1-இன் தரத்தில் போடுங்கள். ஒரே சமயத்தில் எல்லாம் வாங்க முடியாதவர்கள் முன் மூன்றும் சப்வூஃபரும் மட்டும் வாங்கித் தொடங்கலாம். சரவுண்டை ஆறு மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ரிசீவர் அதற்குத் தடை சொல்லாது. ஆனால் பட்ஜெட்டுக்காக ஐந்தும் மட்டமாக உள்ள ஒரு பெட்டித் தொகுப்பை வாங்கிவிட்டால், பிறகு ஐந்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மேலிருந்து வரும் ஒலிக்குக் கூரையில் பதிக்கும் ஸ்பீக்கரே சிறந்தது. அதற்கு வழியில்லாதவர்களுக்கு, ஒலியை மேல்நோக்கி எறிந்து கூரையில் பட்டு இறங்கச் செய்யும் வகை இருக்கிறது. கூரை தட்டையாகவும் கடினமாகவும், மிக உயரமில்லாமலும் இருந்தால்தான் அது பலன் தரும். சாய்வுக் கூரை, ஓட்டுக் கூரை, ஒலியை உறிஞ்சும் பலகை பதித்த கூரை ஆகியவற்றுக்கு வேண்டாம்.

3. நடு ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

படத்தின் வசனத்தில் மிகப் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அப்படியிருக்க, கடைகளில் கம்பீரமான தூண் ஸ்பீக்கர் இரண்டைக் காட்டி விலை பேசிவிட்டு, நடு ஸ்பீக்கரைக் கொசுறுபோல் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு தொடரில் உள்ள நடு ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது பிடித்தால் அதே தொடரின் இடதும் வலதும் வாங்குங்கள். மூன்றும் ஒரே தொடராக இருப்பது அவசியம். இல்லையென்றால் திரையில் ஒரு கார் இடமிருந்து வலமாகப் போகும்போது நடுவில் அதன் குரலே மாறிவிடும். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் சிறியவையாகவோ வேறு தொடராகவோ இருந்தால் பெரிய குறையில்லை.

நடு ஸ்பீக்கரில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை படுத்த வாக்கில், தாழ்ந்த ஒலிக்கான இரு வூஃபர்களுக்கு நடுவே உயர்ந்த ஒலிக்கான ஒரு ட்வீட்டர் என்ற அமைப்பில் வருகின்றன. நேர் எதிரே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு, இரு வூஃபர்களிலிருந்தும் வரும் ஒலி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் மங்கும். ட்வீட்டருக்குக் கீழே இடைப்பட்ட ஒலிக்கெனத் தனியாக ஒரு மிட்ரேஞ்ச் வைத்து, இருபுறமும் வூஃபர் கொண்ட மும்முனை வடிவமைப்பில் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. குடும்பமே வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் இந்த வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். கடையில் இதைச் சோதிப்பது எளிது. வசனம் நிறைந்த ஒரு காட்சியை ஓடவிட்டு, நேர் எதிரிலிருந்து இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள். குரலின் தன்மை மாறுகிறதா? மாறினால் அடுத்ததைப் பாருங்கள்.

கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். மனிதக் காதின் இயல்பு அது. கைப்பேசியில் உள்ள ஒலி அளக்கும் செயலி, இரண்டையும் சமப்படுத்தப் போதுமானது.

புத்தக அலமாரி வகையா, தூண் வகையா? நல்ல சப்வூஃபர் சேரப்போகிறது என்றால் சிறிய, நடுத்தர அறைகளுக்குப் புத்தக அலமாரி வகையே தாராளமாகப் போதும். பெயர் அப்படி இருந்தாலும் அலமாரிக்குள் திணிக்காமல், ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். சப்வூஃபர் இல்லாமல் இசையும் கேட்பேன் என்பவர்களுக்கும், பெரிய அறை உள்ளவர்களுக்கும் தூண் ஸ்பீக்கர் பொருந்தும்.

4. விவரத்தாளில் ஒரே ஒரு எண்ணை வட்டமிடுங்கள்

அது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்பதைச் சொல்லும் எண். எடுத்துக்காட்டாக 87 டெசிபல் என்று போட்டிருக்கும் 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். தூரத்தால் சுமார் 9.5 டெசிபல் குறையும். உண்மையான அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் மோசமான நிலையையே கணக்கில் எடுப்போம். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் விழுவது 77.5 டெசிபல். வீட்டில் வசனம் கேட்க இதுவே அதிகம்! மணிக்கணக்காகப் படம் பார்க்கும்போது ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட்கூடச் செலவாகாத நேரமே மிகுதி.

உச்சக் காட்சிகளுக்கு 95 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 17.5 டெசிபல் ஏற வேண்டும். 10 டெசிபல் ஏறப் பத்து மடங்கு திறனும், 3 டெசிபல் ஏற இரு மடங்கு திறனும் தேவை. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 56 வாட் வருகிறது. அதே இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் 28 வாட் போதும். மூன்று டெசிபல் கூடுதலான ஸ்பீக்கரை வாங்குவதும், இரு மடங்கு திறனுள்ள ஆம்ப்ளிஃபையரை (ஒலிபெருக்கும் கருவியை) வாங்குவதும் ஒன்றே.

இதே கணக்கு இன்னொரு உண்மையையும் சொல்கிறது. 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபல்தான். காது அதைக் கண்டுபிடிப்பதே கடினம். அந்த 20 வாட்டுக்காக அடுத்த விலைப்படிக்குத் தாவ வேண்டாம்.

ஓம் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 8 அல்லது 6 ஓம் என்றால் பெரும்பாலான ரிசீவர்களுக்குப் பிரச்சினையில்லை. 4 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய ரிசீவர் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளவும் கூடும். குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும் என்பது ரிசீவரின் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

5. சப்வூஃபர்

80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த எல்லைக்குக் கீழுள்ளதையெல்லாம் ஒரே பெட்டியிடம் ஒப்படைத்து, அந்தப் பெட்டியை அறையில் எங்கு வேண்டுமானாலும் வைக்க முடிகிறது. முன்ஸ்பீக்கர்களுக்கும் சுமை குறைந்து குரல் தெளிகிறது.

மூடிய பெட்டி வகை சிறியது, கட்டுக்கோப்பாக ஒலிப்பது. துளையுள்ள வகை பெரியது. அதே திறனில் மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கூடுதல் பலத்துடன் தரும். சிறிய அறைக்கு 10 அங்குலமும், நடுத்தர அறைக்கு 12 அங்குலமும் நல்ல தொடக்கம். பெரிய சப்வூஃபர் ஒன்றைவிட நடுத்தர சப்வூஃபர் இரண்டு மேல். எல்லா இருக்கைகளிலும் ஒலி சீராகப் பரவும். இரண்டாவதைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதுதான் எது வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி. இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் தவறாமல் பலன் தரும். சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பாஸ் கிட்டார் சுரம் சுரமாக ஏறி இறங்கும் ஒரு பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சப்வூஃபர் வைக்க வாய்ப்புள்ள சுவரோரங்களில் மண்டியிட்டு, காது தரைக்கு அருகில் இருக்கும்படி மெல்ல நகருங்கள். ஒரு மூலையில் ஒரு சுரம் மட்டும் குமுறும். இரண்டடி தள்ளினால் அதே சுரம் காணாமல் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே பலத்தில், ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்கும் இடம் வரும். அங்கே ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்தையும் பாருங்கள். கடைசியில் சிறந்த இடத்துக்குச் சப்வூஃபரை நகர்த்திவிட்டு, சோபாவில் உட்கார்ந்து கேளுங்கள். ஒலி போகும் பாதையை இருபுறமும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அங்கே கேட்டது இங்கே கேட்கும்.

6. இப்போது ரிசீவர்

தாளில் எத்தனை ஸ்பீக்கர் வரைந்தீர்களோ அத்தனை ஆம்ப்ளிஃபையர் சேனல்கள் வேண்டும். 5.1-க்கு ஐந்து, 5.1.2-க்கு ஏழு, 5.1.4-க்கு ஒன்பது. பெட்டியின்மேல் 7.2 என்று எழுதியிருந்தால் ஏழு சேனல்களும் சப்வூஃபருக்கான இரண்டு இணைப்புகளும் உண்டு என்பது பொருள். ஆகவே 7.2 ரிசீவரில் 5.1.2 அமைக்கலாம்.

வாட் எண்ணைப் படிக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். "20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல்கள் இயங்கும்போது, 0.08 சதவீத ஒலித்திரிபு" என்று இருந்தால் அது நேர்மையான அளவு. "1 கிலோஹெர்ட்ஸ், 1 சேனல், 10 சதவீத ஒலித்திரிபு" என்று இருந்தால், ஒரே ஒரு சேனலைக் கரகரக்கும் அளவுக்கு முறுக்கிப் பெற்ற எண் அது. ஒரே ரிசீவரின் விளம்பரத்தில் இரண்டாவது எண் பளிச்சென்று பெரிதாகவும், முதல் எண் விவரத்தாளின் அடியிலும் இருக்கும். ஒப்பிடும்போது முதல் வகையை முதல் வகையோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

இணைப்புகளில் மிக முக்கியமானது இ-ஆர்க். டிவியில் உள்ள செயலிகளின் ஒலி, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ரிசீவருக்குத் திரும்பிவரும் பாதை இது. பழைய ஆர்க் பாதையில் ஸ்ட்ரீமிங் சேவைகள் தரும் சுருக்கப்பட்ட அட்மாஸ் வந்துவிடும். ப்ளூ-ரே தட்டுகளில் உள்ள இழப்பில்லாத டால்பி ட்ரூ எச்.டி. வராது. இ-ஆர்க்கில் இரண்டும் வரும். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் எதுவுமே வராது என்பதால் டிவி அதை மட்டும் நம்பியிருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டுக் கன்சோலை ரிசீவர் வழியாக இணைப்பவர்கள் 4கே 120 ஹெர்ட்ஸ் தாங்கும் உள்ளீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எல்லா உள்ளீடுகளும் அப்படி இருப்பதில்லை.

அடுத்து, அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., ஒன்கியோவின் அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் டிராக் லைவ் என்று வருகின்றன. ஒரே பெயரில் எளிய பதிப்பும் உயர் பதிப்பும் உண்டு. சப்வூஃபரின் ஒலியையும் திருத்தும் பதிப்புதானா என்று கேளுங்கள். அறையின் கோளாறுகள் பெரிதும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. இரண்டு ரிசீவர்களுக்கிடையே தடுமாறினால், வாட் கூடுதலாக உள்ளதைவிடத் திருத்தும் மென்பொருள் நன்றாக உள்ளதை எடுங்கள் என்பேன். பிற்காலத்தில் தனி ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் எண்ணமிருந்தால் அதற்கு ஒலியை அனுப்பும் ப்ரீ-அவுட் இணைப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மொத்தப் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிசீவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

7. வயரும் இணைப்பும்

1.5 சதுர மில்லிமீட்டர் தூய செம்பு வயர் போதும். 10 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வரச் சேர்த்தும் கால் ஓம் அளவுதான் தடை வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. செம்பு பூசிய அலுமினிய வயரைத் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி விலையுயர்ந்த வயருக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒன்றில் மாறிவிட்டாலும் பாஸ் சப்பென்று ஆகி, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். முறுக்கிய செம்பு இழை ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. இணைக்கும் நேரம் முழுவதும் ரிசீவரின் மின்பிளக்கைக் கழற்றியே வையுங்கள். ரிசீவரின் தலைமேல் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். மூடிய அலமாரி வேண்டாம்.

8. அளவீடு செய்து, கையால் திருத்துங்கள்

ரிசீவரோடு வரும் மைக்கைக் கையில் பிடிக்காமலும், சோபாவின் சாய்வின்மேல் வைக்காமலும், ஒரு முக்காலி ஸ்டாண்டில் காது உயரத்துக்குப் பொருத்துங்கள். மின்விசிறி, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். முடிந்ததும் மெனுவுக்குள் போய் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, எல்லா ஸ்பீக்கர்களையும் "ஸ்மால்" என்று மாற்றி, ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். தூண் ஸ்பீக்கர்களை ரிசீவர் தானாக "லார்ஜ்" என்று குறித்திருக்கும். அதை விட்டுவிட்டால் சப்வூஃபருக்குப் போக வேண்டிய வேலை அவற்றின் தலையில் விழும். இரண்டாவது, தூரங்கள் ஏறத்தாழச் சரியா என்று பாருங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் மாற்றாதீர்கள். சப்வூஃபருக்குள் நிகழும் மின்னணுத் தாமதத்தையும் சேர்த்து ரிசீவர் கணக்கிட்டிருக்கிறது. மூன்றாவது, நடு ஸ்பீக்கரின் அளவு. பழகிய ஒரு படத்தில் வசனக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். குரல் இன்னும் அடங்கித் தெரிந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் ஒன்று அல்லது இரண்டு டெசிபல் கூட்டுங்கள். இரவில் பார்ப்பவர்கள், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் இரவு அமைப்பைப் போட்டுக்கொண்டால் பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்குத் தொல்லை இருக்காது.

கடைசியாக டிவியின் ஒலி மெனுவைத் திறந்து, டிவியின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, டிஜிட்டல் வெளியீட்டை, ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் "பாஸ்-த்ரூ" என்று மாற்றுங்கள். பலர் இதைச் செய்யாததால் ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் டிவி அனுப்பும் இரண்டு சேனல் ஒலியையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அட்மாஸ் உள்ள ஒரு படத்தை ஓடவிட்டு, ரிசீவரின் முகப்பில் அந்தப் பெயர் ஒளிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.